காட்சிச்சாலையும் கூடத்துச் சுவரும்

ஐதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரத்தில், மிகுமின் தொழிற்சாலையைச் சார்ந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல உள. அன்னார் இல்லத்துக் கூடத்தில், தாமரைமீது நிற்கும் இலக்குமியின் படத்தைக் காண்பது அரிதன்று. ஊர்க் கடைக்காரர் அளித்த நாட்காட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்ட படம் அது. விடுமுறை நாளில் அதே குடும்பத்தினர் சாலார் ஜங் அரும்பொருட்காட்சிச்சாலைக்குச் சென்று, இரவிவர்மாவின் எண்ணெய்வண்ண ஓவியங்களையும், இத்தாலியச் சிற்பி பென்சோனி வடித்த முகத்திரை அணிந்த ரெபெக்காளையும் கண்டு வியந்து திரும்புகின்றனர். காட்சிச்சாலையில் இருப்பது கலை. கூடத்தில் இருப்பது வெறும் படம். இவ்வாறு பிரித்துப் பேசுவது பொருந்துமா என்பதையே இன்று ஆராயப் புகுகிறோம்.

'நுண்கலை' என்பது ஆங்கிலத்தைப் பார்த்து ஆக்கிக்கொண்ட சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதைச் சற்று நாணத்துடன்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபத்து நான்கு கலைகளை எண்ணிய முன்னோர், ஓவியத்தையும் பூத்தொடுத்தலையும் சமையலையும் ஒரே வரிசையில் வைத்தனர்.

இரவிவர்மாவையே எடுத்துக்கொள்வோம். 1894-ஆம் ஆண்டில் அவர் பம்பாயில் வண்ணக் கல்லச்சுக்கூடம் நிறுவினார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில் படத்தை எழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பது அம்முறை. அரண்மனைச் சுவரில் இருந்த தேவியர் எளியோர் பூசையறைக்கு வந்தது இவ்வாறே. இந்தியத் திரைப்படத்தின் முன்னோடியான பால்கே ஒரு காலத்தில் அந்த அச்சுக்கூடத்தில் பணிபுரிந்தவர் என்பதும் நினைக்கத் தக்கது.

தமிழ்நாட்டில் இதனினும் தெளிவான சான்று கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்ற அவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதினார். குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அருகில் சிவகாசி. அங்குள்ள அச்சகங்களுக்காக அவரும் சீடர்களும் எழுதிய தெய்வ உருவங்கள் நாடெங்கும் பரவின. அவ்வுருவங்களுக்குப் பின்னே விரியும் மண்டபத்தையும் மலையையும் உற்று நோக்குங்கள். அவை மேடைத் திரையின் மண்டபமும் மலையுமே. ஓவியப் பள்ளியை மட்டும் அறிந்தவர்க்கு அப்படம் பாதிதான் விளங்கும். மேடையையும் அச்சுத் தொழிலையும், நாள்தோறும் அப்படத்தின்முன் விளக்கேற்றும் வழக்கத்தையும் அறிந்தவர்க்கே முழுதும் விளங்கும்.

ஆனால் இப்படங்களைப் பேணுவார் சிலரே. அச்சுத்தாள் ஆண்டு முடிவில் கழிக்கப்படுகிறது; பக்தியால் சட்டமிடப்பட்டவையே தப்புகின்றன. அவற்றிலும் கடையின் பெயர் பெரிதாய் இருக்கும்; ஓவியர் பெயரைத் தேட வேண்டும். ஆசிரியரும் சீடரும் சேர்ந்து கையொப்பமிட்ட படங்களும் உள. சட்டம் போடுபவர் ஓரத்தைக் கத்தரிக்கும்போது முதலில் போவது அந்தக் கையொப்பமே. அடுத்த முறை படத்தைச் சட்டமிடக் கொடுக்கும் நேயர்கள், கீழோரத்தை வெட்டாமல் விடுமாறு கடைக்காரரிடம் சொல்லி வைப்பாராக.