காற்றுப் பெட்டியைக் கழற்றலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில், வீட்டு வாசலில் பழைய புரோட்டோன் சாகா கார் முன்மூடியைத் திறந்துகொண்டு நிற்கிறது. மூத்த மகன் கையில் ஸ்குரூ டிரைவர்.

"என்னப்பா செய்யிறே?" என்று கேட்கிறார் அப்பா.

"காத்துப் பெட்டியைக் கழட்டப் போறேன்பா. காத்து தாராளமா உள்ளே போனா கார் பறக்கும்னு கூட்டாளி சொன்னான்."

அந்த வீட்டுக்கு அது ஒன்றே கார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதும், தங்கை பள்ளிக்குப் போவதும், சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போவதும் அதில்தான். ஆகவே கூட்டாளி சொன்னது சரிதானா என்று பார்த்துவிட்டுத்தான் ஆணியில் கை வைக்க வேண்டும்.

சொன்னதில் பாதி உண்மை. எஞ்சினுக்கும் மூச்சு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய, ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். 1985ஆம் ஆண்டு வெளிவந்த முதல் சாகாவின் 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது முழுதாக மிதித்தால், கணக்குப்படி அது 1,950 லிட்டர் வரை காற்றை இழுக்கும். மூச்சு அடைத்தால் வேகமும் குறையும். இதுவரை கூட்டாளி சொன்னது சரி.

மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலாவது, தூசு. நம் தோட்டத்துச் செம்மண் சாலையில் முன்னே ஒரு லாரி போனால், பின்னால் வருபவருக்குக் கண்ணே தெரியாது. அந்தத் தூசியிலுள்ள நுண்மணல் இரும்பையும் தேய்க்கக்கூடியது. வடிகட்டி இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிறகு எஞ்சின் எண்ணெய் குறையும். பின்னால் நீலப் புகை வரும். இது ஒரே நாளில் தெரிவதில்லை என்பதுதான் மோசம்.

இரண்டாவது, சூடு. பெட்டியைக் கழற்றினால் எஞ்சின் தன் பக்கத்திலுள்ள சூடான காற்றையே இழுக்கும். சூடான காற்று இலேசானது. வெளியே 32 டிகிரி, முன்மூடிக்குள் 60 டிகிரி என்றால், அதே அளவு காற்றின் எடை சுமார் 8 விழுக்காடு குறைந்துவிடும். அதனால்தான் காரைக் கட்டுகிறவர்கள் காற்றுக் குழாயின் வாயைப் பெரும்பாலும் முன்பக்கத்தில், வெளிக்காற்று படும் இடத்தில் வைக்கிறார்கள்.

மூன்றாவது, கலவை. கார்புரேட்டர் ஜெட்டின் துளை பழைய அளவிலேயே இருக்க, காற்று மட்டும் கூடினால் எஞ்சின் முக்கும், சூடேறும். கார்புரேட்டர் வழியாகத் தீ பின்னோக்கி வெடித்தால், அதைத் தடுப்பதும் இந்தப் பெட்டிதான்.

"கழட்டினதும் வேகம் கூடினது போல இருந்ததே!" என்பார்கள் சிலர். கூடியது பெரும்பாலும் சத்தம். காற்றை இழுக்கும் இரைச்சலை அடக்குவதும் பெட்டியின் வேலைகளில் ஒன்று. காது கேட்டதை மனம் வேகம் என்று எண்ணிக்கொள்கிறது.

சில இளைஞர்கள் குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைப் பம்பர் அருகே தாழ்வாக இறக்குகிறார்கள். 2022 ஜனவரியில் நம் மலாக்காவில் வெள்ளம் வந்ததை மறந்துவிட்டோமா? காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. தாழ்ந்த குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால், பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். வாகனத்தின் அமைப்பை அனுமதியின்றி மாற்றினால் ஜே.பி.ஜே. சம்மனும் வரலாம்.

அப்படியானால் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? நிறைய உண்டு.

வடிகட்டியை வெளியே எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான் உங்கள் காரின் மூச்சடைப்பு. காகித வடிகட்டியை மெதுவாகத் தட்டித் தூசியைக் கொட்டலாம். தண்ணீரில் அலசக் கூடாது. மிகவும் கறுத்திருந்தால் புதிதாக வாங்குங்கள். கப்சாய் மோட்டார் சைக்கிளில் பஞ்சு வடிகட்டி இருந்தால், சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, சில துளி எஞ்சின் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டலாம். குழாயில் வெடிப்பு உண்டா, கிளிப் தளர்ந்திருக்கிறதா, குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். செம்மண் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே வடிகட்டியை மாற்றுவது நல்லது.

இதில் பலன் உண்டா? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ஆம் ஆண்டில் இதைச் சோதித்துப் பார்த்தது. அடைபட்ட வடிகட்டியை மாற்றியபோது, புதிய வகைக் கார்களில் வேகமெடுக்கும் திறன் 6 முதல் 11 விழுக்காடு வரை கூடியது. ஆனால் பெட்ரோல் மிச்சமாகவில்லை. கார்புரேட்டர் உள்ள பழைய காரிலோ பெட்ரோலும் ஓரளவு மிச்சமாயிற்று.

ஆக, கூட்டாளி சொன்ன வேகம் பெட்டியைக் கழற்றுவதில் இல்லை. பெட்டிக்குள் இருப்பதைச் சுத்தமாக வைப்பதில் இருக்கிறது. காகித வடிகட்டியின் விலை ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். எஞ்சினைப் பிரித்து ரிங் மாற்றுவதென்றால் பல மாதச் சேமிப்பு கரையும்.

தம்பிமார்களே, ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கச் சொல்லவில்லை. அதே ஸ்குரூ டிரைவரால் பெட்டியைத் திறந்து, வடிகட்டியைப் பார்த்து, பத்திரமாக மூடுங்கள். அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அம்மாவை அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் நாளில், அந்தக் கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆக வேண்டுமல்லவா?