கேட்டும் இல்லை, கேட்பாரும் இல்லை!

பெர்லின் சுரங்க ரயில் நிலையங்களில் கேட்டும் இல்லை, கேட்பாரும் இல்லை என்கிறார் அங்கே குடியிருக்கும் நம்மவர் ஒருவர். வாங்கிய காகித டிக்கெட்டில் பயணியே இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும்.

‘ஆகா, மாமியார் வீட்டு வண்டி!’ என்று சும்மா ஏறி உட்கார்ந்தீர்களோ, போச்சு! பக்கத்தில் சாதாரண உடையில் தூங்கி வழிந்தவர் அடையாள அட்டையை நீட்டுவார். அபராதம் 60 யூரோ.

சிரிப்பு அதோடு சரி. விஷயம் கோர்ட்டுக்குப் போய், அங்கே விதித்த அபராதத்தையும் கட்ட முடியாத ஏழைக்கு நிஜமாகவே மாமியார் வீடுதான்! ‘சுதந்திர நிதி’ என்று பொருள்படும் பெயரில் 2021-ல் தொடங்கிய அமைப்பு, நன்கொடை திரட்டி இவர்களை மீட்கிறது.

டிக்கெட் சோதனை எந்த ஊரிலும் வேண்டியதுதான். ஆனால், பணம் உள்ளவனுக்கு ரசீது, இல்லாதவனுக்குக் கம்பியா?