உங்களுக்குத் தெரியுமா? துளியை நிறுத்துவது ஷட்டர் அல்ல!

பால் துளி விழுந்து கிரீடமாய் எழும் புகழ்பெற்ற வண்ணப் படத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன் 1957-இல் எடுத்தார். அந்தக் கணத்தைப் பிடித்தது ஃபிளாஷ் வெளிச்சம். வீட்டிலும் அதே வழிதான்: இருட்டறையில் ஷட்டரை ஓரிரு விநாடி திறந்து வைத்து, துளி தெறிக்கும்போது ஃபிளாஷைத் தட்டுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஃபிளாஷின் சக்தியைக் குறைக்க வேண்டும்! கேமரா தலையில் மாட்டும் ஃபிளாஷ், முழுச் சக்தியில் ஏறக்குறைய 1/1000 விநாடி எரியும். துளி கலங்கலாகப் பதியும். சக்தியை 1/32-க்கு இறக்கினால் 1/10,000 விநாடிக்குள் அணைந்துவிடும். வெளிச்சம் போதாதே என்பவர்கள் ஃபிளாஷை அருகில் நகர்த்தலாம். துளி விழும் இடத்தில் முதலில் ஒரு பென்சிலை நிறுத்தி ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். தண்ணீரைவிடப் பாலில் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும்.