கடும் புரோமைலோசைட்டிக் இரத்தப் புற்றுநோய்

கடும் புரோமைலோசைட்டிக் இரத்தப் புற்றுநோய் என்பது எலும்பு மச்சையில் வெள்ளையணுக்கள் முதிராமல் இடைநிலையிலேயே தேங்கிப் பெருகுவதால் உண்டாகும் அரிய, வேகமான நோய் ஆகும். இது கடும் மைலாய்டு இரத்தப் புற்றுநோயின் ஒரு வகை. நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் 1957இல் இதனைத் தனி நோயாக விவரித்தார். அக்காலத்தில் நோயாளிகள் சில வாரங்களிலேயே இறந்தனர்.

15ஆம், 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் ஓர் இணைவு மரபணு தோன்றுகிறது. அதுவே அணுக்களின் முதிர்ச்சியைத் தடுக்கிறது. இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று; நோய் தொற்றுவதும் இல்லை.

அறிகுறிகள்

சோர்வும் காய்ச்சலும் பிற இரத்தப் புற்றுநோய்களிலும் உண்டு. இந்நோயைத் தனித்துக் காட்டுவது இரத்தக்கசிவே. ஈறில் கசிவு, நிற்காத மூக்கு இரத்தம், அடிபடாமலே தோலில் கன்றிய நீலத்திட்டுகள், சிவப்புப் புள்ளிகள், மிகுந்த மாதவிடாய்ப் போக்கு ஆகியவை காணப்படும். தட்டணுக்கள் குறைவதோடு, இரத்தத்தை உறையச் செய்யும் ஃபைப்ரினோஜென் புரதமும் தீர்ந்துபோகிறது. மூளையில் கசிந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். டெங்கு பரவும் ஊர்களில் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் டெங்குவையே முதலில் நினைக்க வைக்கும். இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்ப்பது இங்கே மிகவும் உதவும்.

சிகிச்சை

மரபணுச் சோதனையின் முடிவு வரச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்கக் கூடாது. ஐயம் எழுந்த உடனே வைட்டமின் ஏ வழிப்பொருளான டிரெட்டினோயின் மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பதே மருத்துவ நெறி. கூடவே தட்டணுக்களும் ஃபைப்ரினோஜென் நிறைந்த இரத்தக்கூறுகளும் ஏற்றப்படும்.

டிரெட்டினோயின் புற்றணுக்களைக் கொல்வதில்லை, முதிரச் செய்கிறது. ஷாங்காய் நகர மருத்துவர் வாங் சென்யீ 1985இல் இதை முதலில் ஒரு சிறுமிக்குக் கொடுத்தார். அவரது குழு 24 நோயாளிகளின் முடிவுகளை 1988இல் வெளியிட்டது. அடுத்த மருந்து ஆர்செனிக் டிரையாக்சைடு, அதாவது பெயர்பெற்ற நஞ்சாகிய வெள்ளைப் பாடாணம். இதைச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களில் பயன்படுத்தத் தொடங்கினர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, ஆர்செனிக்கை மட்டுமே கொடுத்து நல்ல பலன் கண்டதாக 2006இல் அறிவித்தது. இவ்விரு மருந்துகளும் சேர்ந்தால், வெள்ளையணு எண்ணிக்கை 10,000ஐத் தாண்டாதவர்களில் 90 விழுக்காட்டினருக்கு மேல் குணமடைகின்றனர். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு ஐடாரூபிசின் போன்ற மருந்தும் வேண்டியிருக்கும்.

முதிரும் அணுக்களால் மூச்சுத்திணறல், காய்ச்சல், திடீர் எடை ஏற்றம் வரலாம்; உடனே டெக்சாமெத்தசோன் தரப்படும். ஆர்செனிக் இதயத்துடிப்பைப் பாதிக்கக்கூடும் என்பதால் இசிஜியும் பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளும் அடிக்கடி பார்க்கப்படும்.