அகன்ற டயரும் பெட்ரோற் செலவும்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையேயுள்ள செம்மங்குப்பத்தில் வாடகைக்கு ஆல்டோ காரோட்டிப் பிழைக்கும் அன்பர் ஒருவர், அழகு கருதி அகன்ற டயர்களைப் பூட்டினார். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 18 தான் ஓடுகின்றதென அவர் வருந்தக் கேட்டோம். காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

பழைய டயரில் 145/80 ஆர் 12 எனப் பொறித்திருந்தது. 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 80. 12 என்பது உட்சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அவர் பூட்டியதோ 155/80 ஆர் 12. அகலம் மிகவே உயரமும் மிக்கு, முழு விட்டம் 537 மில்லிமீட்டரினின்று 553 ஆயிற்று. ஆகவே வண்டியின் தூரமானி 100 காட்டுங்கால் உண்மையில் ஏறக்குறைய 103 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அவர் கண்ட 18, மெய்யில் 18.5. இழந்ததாக எண்ணிய இரண்டில் அரை, கணக்கின் பிழையே!

எஞ்சிய ஒன்றரையோ மெய்யான நட்டம். உருளுந்தோறும் ரப்பர் நசுங்கி நிமிர்கின்றது. அதிற் செலவாகும் சக்தியில் ஒரு பங்கு வெப்பமாய் வீணாகும். இதனை அகலம் மட்டும் நிர்ணயிப்பதன்று; ரப்பரின் தன்மையும் காற்றழுத்தமும் பெரிதும் நிர்ணயிக்கும். புதிய டயரின் ஆழ்ந்த பள்ளங்களும் சிறிது மிகுவிக்கும். அகன்ற டயர் கனத்தது. எதிர்காற்றையும் மிகுதியாய்த் தடுக்கும். வேகம் இருமடங்காயின் காற்றின் தடை நான்மடங்காம். 2013-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஐ3 மின்காருக்கு 155/70 ஆர் 19 என ஒடுங்கி உயர்ந்த டயர் அமைத்ததும் இத்தடைகளைக் குறைத்தற்பொருட்டே.

அழகோ எமக்குப் புலப்படவில்லை. டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் காற்றழுத்தத்தை அளந்து, குறைந்திருப்பின் நிரப்புதலே அன்பருக்கு இப்போதைக்கு உரிய பரிகாரம். இவை தேய்ந்தபின் பழைய அளவையே வாங்குவாராக.