என்ஜினுக்கும் காய்ச்சல் வரும்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் எங்கு பார்த்தாலும் மோட்டார் ஆலைதான். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998-ம் ஆண்டு முதல் கார்கள் தயாராகின்றன. ஒரகடத்தில் 2010-ல் கார் ஆலை வந்தது. 2012-ல் லாரி ஆலை வந்தது. 2013-ல் "புல்லட்" மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்பீல்டு ஆலையும் வந்து சேர்ந்தது.

இங்கே தயாராகும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு எல்லாம் ரேடியேட்டர் உண்டு. அதில் ஓடும் தண்ணீர், என்ஜினைக் குளிர வைக்கிறது.

350 சி.சி. புல்லட்டுக்கு ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. அதன் என்ஜினைச் சுற்றித் தகடு தகடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்தது அல்ல. வண்டி ஓடும்போது, எதிர்க்காற்று அந்தத் தகடுகளில் பட்டு, சூட்டை எடுத்துச் செல்கிறது.

காற்று மட்டும் போதுமா? போதாது. உள்ளே இன்னொருவர் ஓயாமல் உழைக்கிறார். அவர்தான் என்ஜின் ஆயில்!

எண்ணெய்க்கு இரண்டு வேலை

இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது எண்ணெயின் முதல் வேலை. அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வேலை பலருக்குத் தெரியாது. காற்று நுழைய முடியாத இடங்களில் எல்லாம் எண்ணெய் நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு வருகிறது.

என்ஜினில் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டில் கால் பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. மீதி எல்லாம் சைலன்சர் வழியாகவும், என்ஜினின் உடம்பு வழியாகவும் வீணாகப் போகிறது.

எண்ணெய் எவ்வளவு சூடு தாங்கும்? இட்லிப் பானையில் தண்ணீர் கொதிப்பது 100 டிகிரி. என்ஜின் எண்ணெயும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். 90 முதல் 110 டிகிரி வரை பயம் இல்லை. ஆறிப்போன எண்ணெயும் நல்லது அல்ல. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி அதில் கலந்து தங்கிவிடும்.

130 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. எண்ணெய் தண்ணீர் போல இளகிவிடும். அதன் மெல்லிய படலம் கிழியும். சூட்டில் உப்பிய பிஸ்டன், சிலிண்டரை அப்படியே கவ்விப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் நின்றால் பின்சக்கரமும் நின்றுவிடும். 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் திடீர் என்று நின்றால் என்ன ஆகும்? அந்த நொடியில் கிளட்சைப் பிடித்தவன் தப்பிப்பான்.

ஆயில் டப்பாவில் 15டபிள்யூ-50 என்று போட்டிருக்கும். முதல் எண், குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது எண், 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. கடைக்காரர் கொடுத்ததை ஊற்றாமல், வண்டியுடன் வந்த புத்தகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

"வண்டு" காரின் கதை

தண்ணீர் இல்லாமல் ஓடிய கார்களும் உலகில் உண்டு. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் "பீட்டில்" அவற்றில் பேர் பெற்றது. வண்டு போல உருண்டையாக இருக்கும். 2003-ல் மெக்சிகோவில் உற்பத்தி நிற்கும்வரை 2 கோடிக்கு மேல் செய்தார்கள்!

இதன் என்ஜின் பின்பக்கம் இருக்கிறது. அங்கே எதிர்க்காற்று படாது. அதனால் ஒரு மின்விசிறி போன்ற பெரிய விசிறியை வைத்தார்கள். பெல்ட் அதைச் சுற்றும். பெல்ட் அறுந்தால் காரை உடனே நிறுத்த வேண்டும்.

எண்ணெயைக் குளிர வைக்க ஒரு சிறு பெட்டியையும் விசிறிக் காற்றின் வழியிலேயே வைத்தார்கள். அங்கேதான் வினை! பெட்டியைத் தாண்டி வந்த காற்று, சூடாகிவிட்டது. அதன் பின்னால் இருந்த 3-வது சிலிண்டர்தான் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டது. நான்கு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு மட்டும் பழைய சோறு போட்டது போல! 1971-ம் ஆண்டு மாடலில் அந்தப் பெட்டியை ஒதுக்கி, தனி வழியில் வைத்தார்கள். மேல்நாட்டு மெக்கானிக்குகள் அதற்கு "நாய்க்கூண்டு" என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

வேக ஆசை

இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோ மீட்டர். அதற்கு முன்பு சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. பந்தயத்தைப் பார்த்துவிட்டு வரும் இளைஞனுக்குக் கை துறுதுறுக்கிறது. ஆலைச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, தன் வண்டியை மாற்றப் புறப்படுகிறான். சிலிண்டரைப் பெரிதாக்குகிறான். காற்று வடிகட்டியைக் கழற்றுகிறான். சைலன்சரை மாற்றுகிறான்.

சிலிண்டர் பெரிதானால் அதிகப் பெட்ரோல் எரியும். அதிகச் சூடு வரும். ஆனால் வெளியே தகடுகள் பழைய தகடுகள்தானே?

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அளவாக வேண்டும் அல்லவா? பெட்ரோலுக்கும் காற்றுக்கும் அப்படி ஓர் அளவு இருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் இழுக்கும்போது 13 பங்கு போதும். மிச்சப் பெட்ரோல் சூட்டைத் தணிக்கும். வடிகட்டியைக் கழற்றி, பெட்ரோல் அளவை மாற்றாமல் விட்டால், காற்று கூடிவிடும். என்ஜின் கொதிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் காற்று அதிகம், வண்டியை ஓட்டாதீர்கள். பிளக்கில் நெருப்புப் பொறி, நேரத்துக்கு முன்பே விழுந்தாலும் சூடு ஏறும். மேடு ஏறும்போது "கிணுங் கிணுங்" என்று சத்தம் கேட்டால் அதுதான் அறிகுறி.

மாற்ற வேண்டும் என்றால், முதலில் எண்ணெயின் சூட்டைக் காட்டும் மானியை வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு. வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றி ரோட்டில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பந்தய வண்டிக்கு இடம் பந்தயப் பாதைதான்.

ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2016-ல் ராயல் என்பீல்டு 411 சி.சி. "ஹிமாலயன்" செய்தபோது, எண்ணெய் குளிரும் பெட்டியையும் சேர்த்தே வைத்தார்கள். 2018-ல் வந்த 650 சி.சி. வண்டிக்கும் அப்படியே. 2023-ல் இன்னும் வேகமான ஹிமாலயன் வந்தபோது, காற்றும் எண்ணெயும் போதாது என்று தண்ணீருக்கே மாறிவிட்டார்கள்!

கோடையில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வெளிக்காற்று 10 டிகிரி ஏறினால், எண்ணெயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். மார்கழிக் காலையில் சரிபார்த்த வண்டியைச் சித்திரை வெயிலில் மறுபடி பாருங்கள். சுங்கச்சாவடி வரிசையில் நின்றால் எதிர்க்காற்று கிடையாது. என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.