ரசிகன் பிடித்து வைத்த குரல்

ரசிகன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? முதல் நாள் முதல் காட்சி, கட்அவுட், பாலாபிஷேகம், தொண்டை கிழிய விசில். கூடவே வீட்டில் "படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்குடா?" என்று ஒரு திட்டு. நானும் வாங்கியவன்தான். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியதே நான் ஒருத்தன், அதனால் எனக்குத் திட்டும் கொஞ்சம் கூடுதல். ஆனால் இங்கிலாந்தில் ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. டிவி நிலையமே அழித்துவிட்ட ஒரு தொடரை வீட்டு டேப் ரெக்கார்டரை வைத்துக் காப்பாற்றிய கூட்டம். போன செமஸ்டரில் பி.ஏ.எல். கலர் டிவி முறை பற்றி செமினார் எடுக்கப் போய்த்தான் இவர்கள் கதை எனக்குக் கிடைத்தது.

தொடரின் பெயர் டாக்டர் ஹூ. பி.பி.சி.யில் 1963 நவம்பர் 23, சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. அதனால் அடுத்த வாரம் முதல் பகுதியை மறுபடி ஒரு தடவை போட்டுவிட்டுத்தான் இரண்டாம் பகுதியைப் போட்டார்கள். அந்த முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர் என்பது கூடுதல் சந்தோஷம்.

கதை இதுதான். டாக்டர் என்பவர் வேற்றுக் கிரகத்து ஆள். டார்டிஸ் என்ற வண்டியில் காலத்தையும் வானத்தையும் சுற்றுகிறார். வண்டி வெளியே பார்த்தால் ஒரு நீலநிற போலீஸ் டெலிபோன் பெட்டி, உள்ளே போனால் பெரிய கூடம். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் 1966-ல் உடம்பு முடியாமல் விலகினார். வேறு கம்பெனியாக இருந்தால் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்களோ டாக்டர் சாகும் நிலைக்கு வந்தால் உடம்பையே மாற்றிக்கொள்வார் என்று ஒரு வழி கண்டுபிடித்து, பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டு வந்துவிட்டார்கள். அந்த ஒரு வழியில்தான் தொடர் 1989 வரை ஓடியது. பிறகு 2005-ல் மறுபடி உயிர் பெற்று வந்தது.

நம் டிபார்ட்மெண்ட் ஆட்களுக்காக ஒரு விஷயம். அதன் ஆரம்ப இசையை எழுதியவர் ரான் க்ரெய்னர். அதைச் சத்தமாக்கியவர் பி.பி.சி.யின் ஒலிப் பட்டறையில் இருந்த டீலியா டெர்பிஷைர் என்ற பெண். சிந்தசைசர் கைக்கு வராத காலம். ஆசிலேட்டரில் ஒவ்வொரு ஸ்வரமாக டேப்பில் பதிந்து, பிளேடால் வெட்டி, ஒட்டி ஒட்டிச் செய்தார். டார்டிஸ் கிளம்பும்போது வரும் சத்தமோ, வீட்டுச் சாவியைப் பியானோக் கம்பியில் தேய்த்து எடுத்தது. நம்ம லேபில் ஆசிலேட்டர் அலை சரியாக வரவில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது எனக்கு அந்த அம்மா ஞாபகம் வருவார்.

இப்போது அழித்த கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், விலையோ யானை விலை. ஒளிபரப்பியாச்சா, அழி, அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய். இதுதான் வழக்கம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி நினைத்தபோதெல்லாம் மறுஒளிபரப்பும் செய்ய முடியாது. வெளிநாட்டுக்கு விற்பதற்காக எடுத்த 16 எம்.எம். பிலிம் பிரதிகள் மட்டும் தனியாக இருந்தன. கலர் வந்ததும் கருப்பு வெள்ளைக்கு வாங்க ஆள் இல்லை என்று அவற்றையும் 1970-களில் தூக்கிப் போட ஆரம்பித்தார்கள்.

படிக்கும்போது எனக்குக் கோபமாக வந்தது. அப்புறம் ஒன்று உறைத்தது. எங்கள் தாத்தா நாற்று நடவில் பாடுகிற பாட்டை அப்பா தன் செல்போனில் பிடித்து வைத்திருந்தார். மெமரி கார்டு நிறைந்துவிட்டது என்று ஒரு கேம் ஏற்றுவதற்காக நான்தான் அதை அழித்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. தாத்தா உயிரோடு இருந்தார், எப்போது வேண்டுமானாலும் பாடுவார் என்று நினைத்தேன். பி.பி.சி.க்காரர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அங்கே ரசிகர்கள் இருந்தார்கள். 1960-களில் வீட்டில் வீடியோ பதியும் கருவி கிடையாது. ஆகவே பையன்கள் டிவி ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து டேப் ரெக்கார்டரில் சத்தத்தை மட்டும் பதிந்தார்கள். அரை மணி நேரம் வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது! ஒருவர் ஒரு படி மேலே போய் டிவியிலிருந்து நேராக ஒயர் இழுத்து ரெக்கார்டரில் கொடுத்துவிட்டார். அறைச் சத்தம் எதுவும் கலக்காததால் அந்தப் பதிவு அத்தனை சுத்தம். (யாரும் முயற்சி செய்யாதீர்கள் தோழர்களே! அந்தக் காலத்து வால்வு டிவிக்கள் பலவற்றில் சேசிஸிலேயே மெயின்ஸ் கரண்ட் இருக்கும். தெரியாமல் தொட்டால் ஆள் காலி.)

பொக்கிஷம் சேர்க்கிறோம் என்று அவர்களில் யாரும் இதைச் செய்யவில்லை. மறுபடி ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதன் பலனைப் பாருங்கள். முதல் ஆறு வருடத்தில் வந்தவை 253 பகுதிகள். அதில் படம் காணாமல் போன ஒவ்வொரு பகுதிக்கும் சத்தம் மட்டும் முழுசாக இருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தச் சத்தத்தை வைத்து 'பவர் ஆஃப் த டாலெக்ஸ்' என்ற கதைக்கு 2016-ல் கார்ட்டூன் படம் வரைந்து வெளியிட்டார்கள். முகம் எப்படி, உடை எப்படி என்று பார்க்க ஜான் கியூரா என்ற போட்டோகிராபரின் படங்கள் உதவின. டிவி திரையையே போட்டோ எடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுப் பிழைத்தவர் அவர்.

பிலிம் பிரதிகளை அழிப்பது 1978-ல் நின்றது. அதை நிறுத்தச் சொல்லி மல்லுக்கு நின்றவர்களில் ஒருவர் இயான் லெவின் என்ற ரசிகர். அதற்குப் பிறகு தேடல்தான். 1992-ல் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக்கதை திரும்பி வந்தது. நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊர் டிவி நிலையத்தில் கிடைத்த 9 பகுதிகளை 2013-ல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் 97 பாக்கி இருந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான் வேடிக்கை. குழந்தைகள் பயப்படும் என்று அந்த ஊர் சென்சார் வெட்டிய துண்டுகளை அரசு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ரசிகர்கள் அதை 1996-ல் கண்டுபிடித்தார்கள். ஆக, முழுப்படம் போய்விட்டது, பார்க்கக் கூடாது என்று வெட்டியது மட்டும் மிச்சம்!

இனி என் செமினார் விஷயம். 1970-களில் கலரில் எடுத்த சில பகுதிகளுக்கும் கருப்பு வெள்ளைப் பிலிம் மட்டுமே மிஞ்சியது. பி.ஏ.எல். முறையில் நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏற்றி அனுப்புவார்கள் என்று படித்திருக்கிறோம். கருப்பு வெள்ளைத் திரைக்குப் போகும்போது அதை வடிகட்ட வேண்டும். திரையைப் பார்த்துப் பிலிம் எடுத்தபோது பல நேரம் வடிகட்டவில்லை. அதனால் நிறமெல்லாம் பொடிப் பொடிப் புள்ளியாகப் பிலிமில் பதிந்து கிடந்தது. முப்பது வருடத்துக்கு மேல் அதை வெறும் அழுக்கு மாதிரிதான் பார்த்தார்கள். பிலிமை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து, கோணல்களைச் சரிசெய்து, புள்ளிகளிலிருந்தே நிறத்தைப் பிரித்தார்கள். ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எந்த நிறம் எது என்று கட்டம் காட்டும் கலர் பர்ஸ்ட் திரைக்கு வெளியே போய்விடுவதால் பிலிமில் இல்லை. அதை சாப்ட்வேர் ஊகித்துச் சரிசெய்ய வேண்டும். ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற பி.பி.சி. இன்ஜினியர் அந்த சாப்ட்வேரை எழுதினார். 1971-ல் வந்த 'த மைண்ட் ஆஃப் ஈவில்' கதையின் ஐந்து பகுதிகளுக்கு இப்படித்தான் பழைய நிறம் திரும்பியது. முதல் பகுதியில் போதுமான புள்ளி இல்லை, அதற்குத் தனியாக நிறம் தீட்டினார்கள். 2013-ல் டிவிடி வந்தது. செமினாரில் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்ல முடியாது. 1965 டிசம்பர் 25 அன்று ஒரு பகுதி வந்தது. கிறிஸ்துமஸுக்கென்று எடுத்த பகுதி என்பதால் வெளிநாட்டுக்கு விற்கவே இல்லை. எனவே எந்த நாட்டு அலமாரியிலும் அது இருக்க வாய்ப்பில்லை. அதன் முடிவில் டாக்டர் கதையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு வாழ்த்துச் சொல்வார். அந்த முகத்தை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. வாழ்த்தை மட்டும் கேட்கலாம். யாரோ ஒரு பையன் அன்றைக்குப் பண்டிகைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ரெக்கார்டர் பட்டனை அமுக்கியிருக்கிறான்.

— இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல்